அம்மாவின் நெஞ்சில் 'மர்மம்': மர்மர் என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது?

யீசூன்_மகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லுக்காக இங்கே வந்திருக்கிறேன். கதை கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 71 வயது. ரத்த அழுத்தத்துக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்துக்குப் போவார். வழக்கமாக நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். போன செவ்வாய்க்கிழமை எங்கள் அலுவலகத்தில் மாதக் கணக்கு முடிக்கும் நாள், விடுப்புக் கேட்க வாய் வரவில்லை. "நான் என்ன பச்சப்புள்ளையா, இருபது வருஷமாப் போற எடம்" என்று அம்மா தனியாகவே கிளம்பிவிட்டார். அன்று வழக்கமான டாக்டர் இல்லை, வேறு ஒரு இளம் டாக்டர். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாராம். கொஞ்சம் தள்ளி வைத்துக் கேட்டாராம். மூச்சைப் பிடிக்கச் சொல்லி மறுபடியும் கேட்டாராம். அப்புறம் ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ சொல்லி, கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ராத்திரி ஏழரைக்கு நான் வீட்டுக்குள் நுழைகிறேன், சமையலறையில் விளக்கில்லை. களைந்த அரிசி பாத்திரத்தில் அப்படியே ஊறிக் கிடக்கிறது. அம்மா வெளியே போட்டுப்போன சேலையோடு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சோபா ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"இதயத்துல மர்மமாம்டி. டாக்டரே சொல்லிட்டாரு. என்னன்னு அவருக்கே புரியல போல, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துட்டாரு."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். மொத்தமே நாலு வரி. அதில் 'சாஃப்ட் சிஸ்டாலிக் மர்மர்' என்று இருந்தது, எக்கோ (ஒலியலைகளால் இதயத்தைப் படம் எடுக்கும் சோதனை) எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தது. மர்மர்! என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அம்மா அன்று சாப்பிடாமல் படுத்ததற்குப் பாதிக் காரணம் டாக்டர், பாதிக் காரணம் நான்.

மறுநாள் காலை சமாதானம் சொல்லப் போனேன். "மர்மம் இல்லம்மா, மர்மர். அப்படின்னா முணுமுணுப்பு. ஒங்க நெஞ்சு லேசா முணுமுணுக்குது, அவ்வளவுதான்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என் நெஞ்சு எதுக்குடி முணுமுணுக்கணும்? ஒங்கப்பா குடும்பத்துல முப்பத்தஞ்சு வருஷம் குப்பை கொட்டினேன். ஒரு நாளு முணுமுணுத்திருப்பேனா?"

(என் அத்தைமாரைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அது இங்கே வேண்டாம்.)

அப்போதுதான் உறைத்தது. தமிழில் முணுமுணுப்பு என்றாலே யார் மேலோ மனத்தாங்கல் இருக்கிறது. மருமகள் முணுமுணுப்பாள், சம்பளம் ஏறாத ஊழியர் முணுமுணுப்பார். ஆறு முணுமுணுத்தது என்று நம்மில் யாராவது சொல்வோமா? ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். என் மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். அவன் ஆங்கிலப் பயிற்சித்தாள் ஒன்றில் ஓடைக்கும் மர்மர், தூரத்தில் விரைவுச்சாலையில் போகும் வண்டிகளுக்கும் மர்மர். அதே தாளில் இன்னொரு கேள்வியில் தண்டனையை ஒரு பையன் 'வித்தவுட் எ மர்மர்' ஏற்றுக்கொண்டான் என்று வருகிறது. ஒரே சொல் தண்ணீருக்கும் காருக்கும் புகாருக்கும் அம்மாவின் இதயத்துக்கும் எப்படிப் பொருந்துகிறது? விஸ்பர், மம்பிள், மட்டர் எல்லாம் இதிலிருந்து எப்படி வேறுபடுகின்றன என்று மகன் வேறு குடைகிறான்.

அதைவிட முக்கியமான கேள்வி: அம்மாவுக்கு நான் என்ன சொல்லட்டும்?

---

இரவுப்பணி_தாதி பதில்:

அக்கா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். இதயப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். தமிழ்ப் பாட்டிமாரும் தாத்தாமாரும் படுக்கையில் இருந்தால் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள், அதனால் இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை.

எழுத்துத் தமிழில் 'இதய முணுமுணுப்பு' என்றுதான் போடுகிறார்கள். நான் வாயால் அதைச் சொல்வதே இல்லை. சத்தத்தைச் செய்து காட்டிவிடுவேன். சாதாரணமாக இதயம் 'லப்... டப், லப்... டப்' என்று துடிக்கும். வால்வுகள் மூடும் சத்தம் அது. அந்த லப்புக்கும் டப்புக்கும் நடுவில் அமைதி இருக்க வேண்டும். அங்கே 'லப்-ஷ்ஷ்-டப்' என்று கேட்டால் அந்த 'ஷ்ஷ்'தான் மர்மர். உங்கள் கடிதத்தில் உள்ள சிஸ்டாலிக் என்ற சொல் அதைத்தான் சொல்கிறது: இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும் நேரத்தில், லப்புக்கு அப்புறம் வரும் சத்தம்.

ஏன் வருகிறது? காலையில் புளோக்குக்குக் கீழே குழாய் பிடித்துத் தரை கழுவுகிறார்களே, பார்த்திருப்பீர்கள். தண்ணீர் பாட்டுக்குப் போகும்போது சத்தம் அதிகமில்லை. குழாயின் நுனியை விரலால் அழுத்தினால் சீறும். ரத்தமும் அப்படித்தான். வழி குறுகினாலோ, வால்வு சரியாக மூடாமல் கசிந்தாலோ, ஓட்டம் சுழித்துக்கொண்டு சத்தம் போடும். வழியில் ஒரு கோளாறும் இல்லாமல், ரத்தம் வேகமாக ஓடுவதாலேயும் வரலாம். காய்ச்சல் அடிக்கும் குழந்தை, கர்ப்பிணி, ரத்தசோகை உள்ளவர்கள் இவர்களிடம் கேட்பது அப்படிப்பட்டதுதான். நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளிடமும் அடிக்கடி கேட்கும். அதை ஆங்கிலத்தில் 'இன்னசென்ட் மர்மர்' என்பார்கள், குற்றமற்ற மர்மர்! பெயர் வைத்தவர் ரசனைக்காரர்.

அம்மாவின் வயதில் வால்வு தடித்துப் போவதால் வருவதே அதிகம். எந்த வால்வு, எவ்வளவு என்பது எக்கோவில்தான் தெரியும். ஒன்று சொல்லிவிடுகிறேன், 'சாஃப்ட்' என்பது சத்தத்தின் அளவு மட்டும்தான். மர்மரை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். 1 என்றால் அமைதியான அறையில் காதைத் தீட்டிக் கேட்டால்தான் கேட்கும். 6 என்றால் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சிலிருந்து லேசாகத் தூக்கிப் பிடித்தாலும் கேட்கும். சத்தம் சின்னது என்பதால் நோயும் சின்னது என்று நினைக்க வேண்டாம், பயப்படவும் வேண்டாம், அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். நடுவில் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ தேதிக்குக் காத்திருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐக் கூப்பிடுங்கள்.

சொல் என்று கேட்டால், "ரத்தம் ஓடுற எடத்துல ஒரு சலசலப்பு கேக்குது பாட்டி" என்பேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

---

ஓய்வுபெற்ற_சாக்பீஸ் பதில்:

அம்மா யீசூன் மகளே, உங்கள் தாயார் செய்தது பிழையே இல்லை என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். மர்மம் என்றால் இன்று நாம் ரகசியம், புதிர் என்று நினைக்கிறோம். அந்த வடசொல்லுக்கு மூலப்பொருள் உடம்பின் உயிர்நிலை, அடிபட்டால் ஆளைச் சாய்க்கும் இடம். தமிழில் நாம் வர்மம் என்று சொல்வதும் அதுதான். ஆயுர்வேதம் உடம்பில் 107 மர்மங்களைக் கணக்கிடுகிறது, அவற்றில் ஒன்று இதயம். ஆக, "இதயத்தில் மர்மம்" என்று அவர் சொன்னது சாத்திரப்படி சரி!

இன்னொரு வேடிக்கை. சமஸ்கிருதத்தில் 'மர்மர' என்று வேறொரு சொல் உண்டு. காய்ந்த இலைகள் சரசரக்கும் ஓசைக்குப் பெயர். ஆங்கிலத்தின் மர்மர் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. லத்தீனில் அது ரீங்காரம், முணுமுணுப்பு மட்டுமல்ல, கடலின் உறுமலுக்கும் ஆகும். கிரேக்கத்திலும் இதே ஜாடையில் ஒரு வினைச்சொல் இருக்கிறது, கொதித்து இரைவதற்கு.

இப்போது சொல்லை உற்றுப் பாருங்கள். மர்-மர். நமக்கு இது புதிதா? சலசல, சரசர, கிசுகிசு, முணுமுணு. 'இரட்டைக்கிளவி இரட்டின் பிரிந்திசையா' என்று தொல்காப்பியம் சொல்கிறதே, அந்தச் சாதி. 'சல' என்று தனியே சொன்னால் பொருளில்லை, 'மர்' என்று தனியே சொன்னாலும் இல்லை. முப்பது வருடம் வகுப்பில் இரட்டைக்கிளவி நடத்தினேன். ஆங்கிலத்தில் அப்படி ஒன்று கிடையாது என்று பிள்ளைகளிடம் அடித்துச் சொன்னவன் நான். இந்தச் சொல் என் கண்ணுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது.

அவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் எங்கே என்றால், நாம் ஓசையை அது பிறக்கும் இடத்தை வைத்துப் பிரித்துக்கொண்டோம். தண்ணீர் சலசலக்கும், சருகு சரசரக்கும், வண்டு முரலும், நோயாளி முனகுவார், காதோடு பேசினால் கிசுகிசு, மனக்குறை என்றால் முணுமுணு. ஆங்கிலத்தின் மர்மர் யார் எழுப்பினார்கள் என்று கேட்பதில்லை. தாழ்ந்து, தெளிவில்லாமல், விட்டுவிடாமல் தொடர்ந்து வந்தால் அதற்குப் போதும். அதனால்தான் ஓடையும் காரும் ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. ஆகவே தமிழில் ஒரே சொல்லைத் தேடாதீர்கள், ஒவ்வோர் இடத்திலும் "எது ஒலிக்கிறது?" என்று கேளுங்கள். 'வித்தவுட் எ மர்மர்' என்பதற்கு 'முணுமுணுப்பின்றி' என்று உரைநூல்கள் எழுதும். வீட்டில் நாம் "மூச்சுக் காட்டாமல்" என்போம். அதுதான் உயிருள்ள தமிழ்.

பேரனுக்கு ஒரு சோதனை. தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். விஸ்பரில் தொண்டை அதிராது, வெறும் காற்றுதான். மர்மரில் அதிரும், குரல் தாழ்ந்திருக்கும், அவ்வளவே. மம்பிள் என்றால் வாயைத் திறக்காமல் சொல்லை மென்று விழுங்குவது, உயர்நிலை இரண்டுப் பையன்கள் அம்மா கேள்வி கேட்டால் பதில் சொல்வார்களே, அது. மட்டர் என்றால் எரிச்சலோடு தனக்குள் சொல்லிக்கொள்வது. நம் முணுமுணுப்புக்கு நெருங்கிய சொந்தம் மட்டர்தான், மர்மர் ஒன்றுவிட்ட உறவு.

ஒலியியலில் இன்னொரு மர்மரும் உண்டு. இந்தியில் சகோதரனைக் குறிக்கும் 'பாய்' என்ற சொல்லின் முதல் எழுத்தில் மூச்சும் குரலும் கலந்து வருமல்லவா, அந்தக் கலப்புக்கும் மர்மர் என்றே பெயர். தமிழில் அது இல்லை. அதனால்தான் தேக்காவில் நாம் கூப்பிடும் பாய், படுக்கிற பாய்க்குப் பக்கத்தில் போய்விடுகிறார்.

தாதித் தங்கையின் 'சலசலப்பு' நல்ல சொல்தான். ஆனால் எச்சரிக்கை. செய்தித்தாளில் 'கூட்டத்தில் சலசலப்பு' என்றால் அங்கே நாற்காலி பறக்கப் போகிறது என்று பொருள். "பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது" என்பதிலும் அது மிரட்டும் ஓசைதான். 71 வயதில் பனங்காட்டு நரியாக இருப்பவர்களும் உண்டு, இல்லாதவர்களும் உண்டு.

---

புக்கிட்_பாத்தோக்_ரவா_தோசை பதில்:

ஐயா, மைனா பற்றி விட்டுவிட்டீர்களே! ஸ்டார்லிங் பறவைக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'மர்மரேஷன்' என்று பெயர். 1486ஆம் ஆண்டின் செயின்ட் ஆல்பன்ஸ் நூலிலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் சேர்ந்து வானத்தில் புகைபோலச் சுருண்டு பறக்குமே, அது. நம் மைனாவும் அதே குடும்பம்தான். சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் புளோக் வாசல் மரத்தடியில் நின்று பாருங்கள், அதை மர்மர் என்று சொல்கிறவருக்குக் காது பரிசோதனை தேவை.

என் மனைவி சீனர். இதைப் படித்துக் காட்டினேன். மாண்டரினில் இதய மர்மருக்கு 'ஸா யின்' என்பார்களாம். வானொலியில் நடுநடுவே கரகரவென்று வேண்டாத சத்தம் வருமே, அதற்கும் அதே சொல்தான். "அந்த டாக்டர் என் அம்மாவிடம் பேசியிருந்தால் 'இதயத்தில் கலப்பட இரைச்சல்' என்று சொல்லியிருப்பார், யாருக்கும் கோபம் வந்திருக்காது, பயம் மட்டும் வந்திருக்கும்" என்கிறாள்.

---

ஞாயிறு_ஆராதனை பதில்:

ஒரே ஒரு சேர்க்கை. மர்மருக்குக் குறை சொல்லும் பொருள் நேற்று வந்ததல்ல. 1611இல் வந்த ஆங்கில வேதாகமத்தில், பாலைவனத்தில் கசப்புத் தண்ணீரைக் கண்ட ஜனங்கள் மோசேக்கு எதிராக மர்மர் பண்ணுகிறார்கள். தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் 'முறுமுறுத்து' என்று இருக்கும். முணுமுணுவை விட ஓசையில் எவ்வளவு நெருக்கம் பாருங்கள், முறுமுறு, மர்மர்! பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்திலும் 'முறுமுறுப்பில்லாமலும் தர்க்கிப்பில்லாமலும்' எல்லாவற்றையும் செய்யுங்கள் என்று வரும். உங்கள் மகனுடைய 'வித்தவுட் எ மர்மர்' அதுதான்.

ஆனால் இதைத் தாயாரிடம் சொல்லிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் முறுமுறு என்றால் தீபாவளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வரும் முறுக்குதான் ஞாபகம் வரும்.

---

யீசூன்_மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை ராத்திரி என்ன நடந்தது என்று சொல்ல வந்தேன்.

சாக்பீஸ் ஐயாவின் வர்மக் கணக்கை முதலில் சொன்னேன். "பாத்தியா, நான் சொன்னது சரிதான்" என்று அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. அந்த நல்ல நேரத்தைப் பிடித்துக்கொண்டு, தாதித் தங்கை சொன்னதுபோல் செய்து காட்டிவிடலாம் என்று சமையலறைக்குக் கூட்டிப்போனேன். பாத்திரம் கழுவும் குழாயைத் திறந்துவிட்டு, கட்டைவிரலால் வாயை அழுத்தினேன். 'ஷ்ஷ்' என்று ஒரு சீறல், கூடவே அம்மாவின் நைட்டி முழுக்கத் தண்ணீர். என் மகன் அதைக் கைப்பேசியில் படம் பிடித்தான், அவனிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழாயை அவரே ஒருமுறை அழுத்திப் பார்த்தார். விட்டார். மறுபடியும் அழுத்தினார்.

"இதுதானா? இது மடைச் சத்தம்டி."

எனக்குப் புரியவில்லை. அம்மா மன்னார்குடிப் பக்கம், பாமணி ஆற்றுப் பாசனம். கல்யாணமாகி இங்கே வந்தது 24 வயதில். எனக்கோ வயல் என்றால் லீவில் பார்த்ததுதான். அவரே விளக்கினார்: வாய்க்காலில் தண்ணீர் சத்தமில்லாமல் போகும். மடையைத் திறந்து வயலுக்கு விடும்போது அந்தச் சின்ன வாயில் நுழைகிற தண்ணீர் இரையும். ராத்திரி படுத்திருக்கும்போதே அந்தச் சத்தத்தை வைத்து, யார் வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது, மடை முழுக்கத் திறந்திருக்கிறதா, பலகை சரியாக உட்காராமல் கசிகிறதா என்று அவர் அப்பா சொல்லிவிடுவாராம்.

"அந்த டாக்டரும் அதத்தான் கேட்டிருக்காரு. வால்வுன்னா மடைதானே?"

வாயடைத்துப் போனேன். வழி குறுகினாலும் சத்தம், பலகை மூடாமல் கசிந்தாலும் சத்தம். தாதித் தங்கை எழுதிய அதே இரண்டு காரணம்! எனக்கு இதைப் புரிந்துகொள்ள இத்தனை பதில்கள் தேவைப்பட்டன.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஊரில் சித்திக்குப் போன் போட்டுவிட்டார். நான் காப்பி கலந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். "ஒண்ணுமில்ல, நெஞ்சுல மடை லேசா இரையுதாம். பலகை தேஞ்சிருக்கான்னு படம் எடுத்துப் பாக்கப் போறாங்க. அடுத்த மாசம் ஒம்பதாந் தேதி." சித்தி என்ன கேட்டாரோ தெரியாது, "சேச்சே, மர்மமெல்லாம் இல்ல, யாரு சொன்னா ஒனக்கு?" என்றார் அம்மா.

---

இரவுப்பணி_தாதி பதில்:

அக்கா, மடையை நான் எடுத்துக்கொள்கிறேன். நேற்றே ஒரு தாத்தாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் செம்பவாங், மடை என்றால் என்ன என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவருக்குப் பழையபடி தண்ணீர்க் குழாய்தான்.

எக்கோவுக்குப் பட்டினியாகப் போக வேண்டியதில்லை, சாப்பிட்டுவிட்டே போகலாம். தாளில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள். நெஞ்சில் ஜெல் தடவித்தான் பார்ப்பார்கள், சேலையைவிட முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை வசதி. அறைக்குள் ஏசி குளிரும், மேலே போட ஒரு ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள். நடுவில் ஒரு கட்டத்தில் இயந்திரத்தின் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்பார்கள், 'உஷ், உஷ்' என்று அறை முழுக்க வரும். அதுதான் அவருடைய மடை என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் பாதியில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.